பூச்சி பிடிக்கும் செடிகள்: பள்ளி அறிவியல் மன்றத்துக்குச் சென்னையில் எது தாங்கும்?

பெரம்பூர் டீச்சர்

வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் 5, 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேர் இருக்கிறார்கள். பூச்சி பிடிக்கும் செடிகளை வைத்து ஒரு பருவம் முழுக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று திட்டம். எல்லாரும் கேட்பது, இலை சட்டென்று மூடிப் பூச்சியைப் பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப். ஆனால் சென்னையில் அது நிற்காது என்கிறார்கள், உண்மையா?

இடம், இரண்டாவது மாடி வராந்தா. கிழக்குப் பார்த்தது, காலை 7 மணியிலிருந்து 10.30 வரை நேர் வெயில் விழும். மொட்டை மாடியும் உண்டு. போர் தண்ணீர் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900க்கு மேல். குடிப்பதற்கு ஆர்.ஓ. இருக்கிறது. செலவு 2,500 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். நர்சரியில் கேட்டால் செம்மண், மண்புழு உரம், கோகோபீட் மூன்றையும் சமமாகக் கலந்து வைக்கச் சொல்கிறார்கள்.

ஈயைப் பிடித்துப் போட்டு வேடிக்கை பார்ப்பது ஒரே வாரத்தில் அலுத்துவிடும். பிள்ளைகள் தாங்களே அளந்து, எழுதி, வாதாடும்படியான சோதனைகள் வேண்டும். மே விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதும் ஒரு கவலை.

மழைத்தண்ணி

டீச்சர், எந்தச் செடி என்பது அப்புறம். முதலில் தண்ணீர். சென்னையில் இந்தச் செடிகளை வெயில் கொன்றதைவிடத் தண்ணீர் கொன்றதுதான் அதிகம்.

இவை இயற்கையில் வளர்வது சத்தே இல்லாத சதுப்பு மண்ணில். தழைச்சத்து வேர் வழியாகக் கிடைக்காததால்தான் இலையைப் பொறியாக்கிக்கொண்டன. அந்த வேருக்கு உப்பு தாங்காது. 900 டி.டி.எஸ். தண்ணீரைத் தட்டில் நிறுத்தினால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஊற்ற ஊற்ற ஏறிக்கொண்டே போகும். இலை நுனி கருகும், புது இலை சிறுத்து வரும், கடைசியில் நடுக்குருத்து கறுக்கும். குருத்து கறுத்த பிறகு காப்பாற்றுவது கடினம்.

தண்ணீரின் டி.டி.எஸ். 50 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இருந்தால் நல்லது. இலை நுனியில் குடுவை தொங்கும் குடுவைச் செடி மட்டும் 100 வரை பொறுத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, செடிக்கு முன்னால் அதை வாங்குங்கள். ஆர்.ஓ. தண்ணீர்தானே என்று நம்பிவிடாதீர்கள். பல மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலக்கும் கன்ட்ரோலர் இருக்கும். ஃபில்டர் பழசானாலும் எண் ஏறும். கேன் தண்ணீரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அளந்து பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மற்றச் செடிகளுக்கு ஊற்றும் பழக்கம் பள்ளியில் இருந்தால், அந்தக் குழாய்ப் பக்கமே இந்தத் தொட்டிகளைக் கொண்டுபோக வேண்டாம். உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையைச் சேமிக்கலாம். முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட்டு வானத்துக்கு நேரே பக்கெட்டை வையுங்கள். மாடித் தளத்தில் விழுந்து குழாய் வழியாக வரும் தண்ணீரில் சிமெண்டும் சுண்ணாம்பும் கரைந்திருக்கும். ஏ.சி. தண்ணீரின் டி.டி.எஸ். குறைவுதான், ஆனால் தூசும் பாசியும் வரும், வடிகட்டி அன்றன்றைக்கே பயன்படுத்துங்கள்.

மண் விஷயத்தில் நர்சரி சொன்ன மூன்றுமே வேண்டாம். செம்மண்ணில் தாது உப்பு இருக்கிறது, மண்புழு உரம் வேரைக் கருக்கிவிடும். கோகோபீட்டில் பெரும்பாலும் சோடியமும் பொட்டாசியமும் ஏறியிருக்கும். பீட் மாஸும் (சதுப்பில் மக்கிய பாசி) பெர்லைட்டும் (சூட்டில் பொரிந்த வெள்ளை எரிமலைக் கல் துகள்) சரிபாதி, இதுதான் பனித்துளிச் செடிக்கு, அதாவது இலை முடிகளில் ஒட்டும் துளி கோத்துப் பூச்சி பிடிக்கும் செடிக்கு. பீட் மாஸ் கிடைக்கவில்லை என்றால் மட்டும் கோகோபீட்டை ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, பிழிந்த தண்ணீரை அளந்து, ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். இந்த அலசலையே பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒவ்வொரு அலசலுக்கும் எண் இறங்குவதை வரைபடமாகப் போடச் சொன்னால் முதல் வாரப் பாடம் முடிந்தது.

மணல் சேர்க்கிறீர்கள் என்றால் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் அல்லது சுண்ணாம்பு கலந்த மணல், ஆகாது. கடல் மணல் எந்த நிலையிலும் கூடாது. மண்தொட்டியிலிருந்தும் உப்பு கசியும், பிளாஸ்டிக் தொட்டி வையுங்கள், வெள்ளை நிறத்தில். கறுப்புத் தொட்டி சித்திரை வெயிலில் வேரை வேகவைத்துவிடும்.

வீனஸ் பற்றி: அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா. குளிர்காலத்தில் மூன்று மாதம் 10 டிகிரிக்குக் கீழே உறங்கி எழ வேண்டும். சென்னையில் ஜனவரி இரவில்கூட 20 டிகிரிதான். உறக்கம் இல்லாமல் ஓராண்டு ஓடும், பிறகு நலிந்துவிடும். வேரோடு எடுத்து ஈரப்பாசியில் சுற்றி, ஃபிரிட்ஜில் வைத்து உறங்கவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பூஞ்சை வராமல் வாரா வாரம் பார்க்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் நடக்கிற காரியம் இல்லை. இன்னொன்று, ஒரு பொறி வாழ்நாளில் சில முறைதான் மூடித் திறக்கும். 30 பிள்ளைகளும் ஆளுக்கொரு தடவை தொட்டால் ஒரே வாரத்தில் எல்லாப் பொறியும் கறுத்துவிடும். நீலம், ஊதா நிறப் பொறிப் படம் போட்டு ஆன்லைனில் விற்கும் வீனஸ் விதைகளையும் வாங்காதீர்கள். அப்படி ஒரு செடியே கிடையாது.

மாடிக்குடுவை

மழைத்தண்ணி சார் தண்ணீரைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பள்ளிக்கு ஒரே ஒரு செடிதான் என்றால் நான் சொல்வது குடுவைச் செடி, அதிலும் நெபெந்தஸ் வென்ட்ராட்டா என்ற கலப்பினம். நர்சரிகளில் தொங்கும் தொட்டியில் வருவது பெரும்பாலும் இதுதான். சென்னையின் புழுக்கம் இதற்குப் பிடிக்கும். உங்கள் கிழக்கு வராந்தா வெயில் இதற்கென்றே அளந்து வைத்தது போல இருக்கிறது. கத்திரி வெயில் நாட்களில் மட்டும் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள்.

இதைத் தட்டில் தண்ணீர் நிறுத்தி வளர்க்கக் கூடாது. வேருக்குக் காற்று வேண்டும். ஸ்பாக்னம் பாசி (ஈரம் பிடித்து வைக்கும் சதுப்புப் பாசி) இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, கைப்பிடி அடுப்புக்கரித் துண்டு. மேலிருந்து ஊற்றி, அடியில் ஒழுகிப் போக வேண்டும். தொட்டி மாற்றும்போது வேர் கறுப்பாக, நூல் மாதிரி மெல்லிசாக இருப்பதைப் பார்த்து அழுகிவிட்டது என்று வெட்டிவிடுகிறார்கள். இதன் வேருக்கு நிறமே கறுப்புதான். பழைய மண்ணை உதறாமல் அப்படியே எடுத்து வையுங்கள். வாங்கிய தொட்டியில் மஞ்சள் அல்லது நீல உர உருண்டைகள் கிடந்தால் பொறுக்கி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை மூன்று நான்கு முறை ஊற்றி வடியவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இருக்கிற குடுவைகள் காயும், பயப்பட வேண்டாம். வழியில் கவிழ்ந்து நீர் கொட்டியிருந்தால் கால் பங்கு அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் விடலாம். புதிய இலை நுனியில் கொடி நீண்டு, முனை மொட்டாக வீங்கி, குடுவையாகத் திறக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். இலை பச்சைப்பசேல் என்று வருகிறது, குடுவை மட்டும் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு, இல்லையென்றால் யாரோ உரம் போட்டிருக்கிறார்கள். உரம் கிடைத்த செடிக்குக் குடுவை கட்ட அவசியமே இல்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடாமல் கேள்வியாகக் கேளுங்கள்.

சோதனைக்கு ஒன்று சொல்கிறேன். காயத் தொடங்கிய குடுவையை வெட்டி, நிமிர்த்தி நிறுத்தி, விளிம்பில் சர்க்கரைத் தண்ணீரைத் துளி தொட்டு, எறும்பு வரும் வழியில் வையுங்கள். விளிம்பு காய்ந்திருக்கும்போது எறும்புகள் சாவகாசமாக நடக்கும். பிறகு ஸ்ப்ரேயால் லேசாக நனையுங்கள். விளிம்பில் வரிவரியாக நுண்ணிய பள்ளங்கள் உண்டு, தண்ணீர் அவற்றில் படலமாகப் பரவிவிடும், எறும்பின் கால் பிடிமானம் இழந்து உள்ளே சறுக்கும். போன், ஃபெடெர்லெ என்ற இரு ஆய்வாளர்கள் 2004ல் போர்னியோவின் குடுவைச் செடியில் காட்டியது இதைத்தான். அதுவரை மெழுகுப்பூச்சால் வழுக்குகிறது என்பதே பொதுவான விளக்கமாக இருந்தது. காய்ந்தபோது பத்து நிமிடத்தில் எத்தனை விழுந்தது, நனைந்தபோது எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். சர்க்கரை விளிம்போரம் நிறைய ஒட்டிவிட்டால் எறும்பு அதிலேயே சிக்கிக் கணக்கு கெடும், குண்டூசித் தலை அளவு போதும்.

குடுவை நீர் புளிப்பா என்று பார்க்க செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறு போதும். அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். எலுமிச்சை, போர் தண்ணீர், ஆர்.ஓ., திறந்து சில நாளான குடுவையின் நீர், பூச்சி விழுந்த குடுவையின் நீர், ஐந்தையும் வரிசையாக வைத்து ஒப்பிடலாம். பூச்சி விழுந்தபின் செடி அமிலத்தைக் கூட்டும்.

மேகாலயாவின் நெபெந்தஸ் காசியானாவை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். காட்டிலிருந்து எடுப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஊட்டிப் பக்கம் சுற்றுலா போகும்போது பனித்துளிச் செடியைப் பிடுங்கி வருவதும் வேண்டாம், அந்த மலைச்செடி இங்கே பிழைக்காது.

பனித்துளி

குடுவைச் செடி நீடித்து நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 30 பிள்ளைகளுக்கு ஒரு செடி என்றால் 28 பேர் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். ஆளுக்கொரு செடி கொடுக்க முடிகிற இனம் ஒன்றுதான்: ட்ரோசெரா பர்மானி என்ற பனித்துளிச் செடி. நம் நாட்டு மருத்துவத்தில் அழுகண்ணி என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது, தமிழ்நாட்டுச் சமவெளியிலும் காணப்படுவது. குளிர் உறக்கம் தேவையில்லை. முழுசாக வளர்ந்தாலும் 2, 3 செ.மீ. அகலம்தான். 8 செ.மீ. தொட்டியில் நான்கு செடி நிற்கும். தட்டில் 1 முதல் 2 செ.மீ. உயரத்துக்கு ஆர்.ஓ. தண்ணீர் எப்போதும் நிற்கட்டும், காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் செடி சிவந்து பனித்துளி கோத்து நிற்கும். பச்சையாகவே இருந்து துளி கட்டவில்லை என்றால் வெயில் போதவில்லை. கண்ணாடி ஜாடிக்குள் மூடி வைத்தால் பூஞ்சை வரும், வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும்.

இது ஓராண்டுச் செடி. வெள்ளைப் பூ பூத்து, விதை கொட்டி, சாகும். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கொன்றுவிட்டோம் என்று அழுவார்கள். விதை தூசு மாதிரி இருக்கும். வெள்ளைத் தாளில் தட்டிச் சேர்த்து, ஈரமான பீட் மேல் தூவினால் போதும். மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ஊசிமுனை அளவில் முளை தெரியும். வடகிழக்கு மழை நேராக விழுந்தால் விதை தெறித்து ஓடிவிடும், கூரைக்கு அடியில் வையுங்கள்.

சோதனைக்கு வருகிறேன். டார்வின் 1875ல் வெளியிட்ட ஆய்வில் ஐரோப்பியப் பனித்துளிச் செடியின் இலைகளில் பால், முட்டை வெள்ளைக்கரு, இறைச்சிச் சாறு, சர்க்கரைக் கரைசல், மாவுக்கரைசல், தேநீர் என்று ஒவ்வொரு துளியாக வைத்துப் பார்த்தார். தழைச்சத்து உள்ளவற்றுக்கு முடிகள் மடங்கின, சர்க்கரைக்கும் மாவுக்கும் மடங்கவில்லை. இதை உங்கள் வகுப்பில் அப்படியே செய்யலாம். நான்கு இலை, நான்கு துளி: பால், சர்க்கரைத் தண்ணீர், அரிசிக் கஞ்சித் தெளிவு, வெறும் ஆர்.ஓ. தண்ணீர். பல்குத்தும் குச்சி முனையில் எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவுதான். பெரிய துளி வைத்தால் இலை அழுகும்.

இங்கே ஒரு சிக்கல் வரும், அதுதான் இந்தச் சோதனையின் உயிர். பர்மானியின் இலை ஓரத்து நீள முடிகள் தொட்டாலே சில விநாடியில் மடங்கும். ஆகவே எதை வைத்தாலும் முதலில் மடங்கத்தான் செய்யும், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று எழுதிவிடுவார்கள். மறுநாள் பார்க்கச் சொல்லுங்கள். உடனே மடங்குவது தொடுதலுக்கு. உணவு இல்லாத இடத்தில் முடி சீக்கிரம் விரிந்துவிடும், சத்து உள்ள இடத்தில் மடங்கியே இருக்கும், துளியைச் சுற்றி ஈரமும் கூடியிருக்கும். அதனால் அட்டவணையில் மூன்று பத்தி போடுங்கள்: 1 நிமிடம், 24 மணி, 48 மணி. ஒரே இலையில் இரண்டு துளி வேண்டாம், ஒரு துளியின் செய்தி பக்கத்து முடிக்கும் போகும்.

ஊட்டினால் வளருமா என்பது நீண்ட சோதனை. ஒரே வயதுச் செடி ஆறு. மூன்றுக்கு வாரம் ஒருமுறை இரண்டு இலையில் மீன் தீவனத் தூள் தூசு அளவு, மூன்றுக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர், வெயில், தொட்டி எல்லாம் ஒன்றே. ஊட்டாத செடிக்கும் பூச்சி தானாக வரும், எனவே ஆறையும் கொசுவலைக்குள் வையுங்கள். எட்டு வாரம் வாரா வாரம் இலை எண்ணிக்கை, குறுக்களவு. ஊட்டாத செடியும் சாகாது. வெயில்தான் அதற்குச் சோறு, பூச்சி அதற்கு உரம். 'பூச்சி தின்கிற செடிக்கு வெயில் எதற்கு' என்று கேட்கிற பிள்ளைக்கு ஏழாவது செடி ஒன்றைக் கொடுத்து, நிழலில் வைத்துத் தீவனம் மட்டும் போடச் சொல்லுங்கள்.

பெரம்பூர் டீச்சர்

ரொம்ப நன்றி. அழுகண்ணி ஆறு தொட்டி, குடுவை ஒன்று என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். தட்டில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துத் தலைமையாசிரியர் டெங்கு என்கிறார். அதே நேரம் சில பெற்றோர் இந்தச் செடி வைத்தால் கொசு ஒழியுமா என்கிறார்கள். இன்னும் சில பெற்றோர், பூச்சியைக் கொல்லவோ முட்டையைத் தொடவோ கூடாது என்கிறார்கள். செரிமானத்தைக் காட்ட அவர்கள் ஏற்கும் வழி உண்டா?

குளத்துப்பாசி

தலைமையாசிரியர் சொல்வது நியாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் இரண்டு முறை தட்டைக் கவிழ்த்து, உட்புறம் தேய்த்துத் துடைத்து, புதுத் தண்ணீர் விடுங்கள். முட்டை தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. கிழமை போட்டுப் பிள்ளைகள் கையெழுத்திட ஒரு அட்டை மாட்டுங்கள். கொசு ஒழியுமா என்றால், ஒழியாது. பத்துத் தொட்டி பிடிக்கிற கொசு ஒரு தெருவுக்குக் கணக்கே இல்லை. பெற்றோரிடம் அப்படி ஆசை காட்ட வேண்டாம்.

தண்ணீரிலேயே வாழும் யுட்ரிகுலேரியாவைச் சேருங்கள். தமிழ்நாட்டுக் குளங்களிலும் வயல்களிலும் மிதக்கும் மஞ்சள் பூச் செடி, வேரே கிடையாது. இழை இலைகளில் ஒன்று முதல் மூன்று மி.மீ. அளவில் பைகள் இருக்கும். பை தன் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் பக்கச் சுவர் உள்வாங்கி நிற்கும். கதவருகே உள்ள முடியில் நீர்ப்பூச்சி உரசியதும் கதவு திறந்து, தண்ணீரோடு உள்ளே இழுத்துவிடும். ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. பூச்சி தானே தலையால் முட்டித் திறந்துகொண்டு நுழைகிறது என்றுதான் டார்வின் நினைத்தார். ஃபோனில் கிளிப் லென்ஸ் மாட்டினால் பிடிக்குமுன் உள்வாங்கிய பையும் பிடித்தபின் உப்பிய பையும் தெளிவாகத் தெரியும். அசைவு மட்டும் கண்ணுக்குச் சிக்காது. வெளியிலிருந்து கொண்டுவரும் நீரில் நத்தை முட்டை வரும், தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள். தொட்டி வாயில் கொசுவலை கட்டாயம்.

பனித்துளி

பெற்றோர் விஷயத்துக்கு: பால்துளி சோதனைக்கு முட்டையும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம். நீண்ட சோதனைக்கும் மீன் தீவனத்துக்குப் பதில் பால் பவுடரைத் தூசு அளவு வைக்கலாம். இரண்டு நாளில் வெள்ளைப் பூஞ்சை கட்டினால் அளவு அதிகம், அந்த இலையை நறுக்கிவிட்டு அடுத்த முறை பாதியாக்குங்கள்.

செரிமானத்துக்கு அன்னாசி இருக்கிறது. அதிலும் புரதத்தைக் கரைக்கும் என்சைம்தான், குடுவை நீரில் இருப்பது வேறு வகை என்றாலும் செய்யும் வேலை இதுதான். ஒரு கிண்ணத்தில் ஜெலட்டின், இன்னொன்றில் சைனா கிராஸ், இரண்டையும் உறையவைத்து, மேலே ஒரு ஸ்பூன் பச்சை அன்னாசிச் சாறு. மூன்றாவதாக ஒரு ஜெலட்டின் கிண்ணத்தில் கொதிக்கவைத்து ஆறிய அன்னாசிச் சாறு. மறுநாள் முதல் கிண்ணத்தில் பள்ளம் விழுந்திருக்கும். சைனா கிராஸ் அசையாது, அது கடற்பாசியின் மாவுச்சத்து வகை, புரதம் இல்லை. கொதித்த சாறு வேலை செய்யாது, சூட்டில் என்சைம் கெட்டுவிடும். மூன்றையும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். சென்னை வெயிலில் ஜெலட்டின் தானே உருகும், பிறகு எதால் கரைந்தது என்றே சொல்ல முடியாது. ஜெலட்டினும் மிருகப் பொருள்தான் என்பதால், ஆட்சேபம் உள்ள பிள்ளைகளிடம் சைனா கிராஸ் கிண்ணத்தைக் கொடுங்கள்.

மழைத்தண்ணி

மே விடுமுறை பாக்கி. அழுகண்ணிக்கு ஏப்ரலுக்குள் விதை எடுத்து, தாள் உறையில் மடித்து, ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வையுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் தூவினால் ஆடி, ஆவணிக்குள் நாற்று பிடிக்கும். குடுவைச் செடியை யாராவது ஒரு வீட்டுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும், கத்திரியில் இரண்டு நாள் காய்ந்தால் போதும், போய்விடும். அனுப்பும் வீட்டின் ஆர்.ஓ. தண்ணீரை முன்கூட்டியே ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி அளந்து பாருங்கள். எண் 100க்கு மேல் காட்டினால் வேறு வீடு பாருங்கள். டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்கு அழுகண்ணித் தட்டில் 3 செ.மீ. தண்ணீரும் மேலே நெருக்கமான கொசுவலையும் போதும்.